பனை நாட்டில் ஒரு பத்திரிசியார்

ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரில் எத்தனை தேசங்கள் அடங்க முடியும்? யாழ்ப்பாணத்திலே உள்ள ஒரு பெயரைப் பிரித்துப் பார்த்தால் நாலு தேசம் வெளியே வருகிறது. 'சம்பத்திரிசியார் கல்லூரி' என்பது அந்தப் பெயர். அதில் முன்னால் நிற்கும் 'சம்' போர்ச்சுக்கீசியர் விட்டுப் போனது. புனிதர் என்பதற்கு அவர்கள் சொன்ன சொல், நம்மவர் நாக்கில் பட்டு இப்படித் தேய்ந்துவிட்டது. சென்னைவாசிகளுக்கு இது புதிதல்ல. சாந்தோம், சாந்தோம் என்று தினம் சொல்கிறோமே, அதன் தலையில் இருப்பதும் இதே சொல்தான். 'பத்திரிசி' என்பது ரோமாபுரியின் லத்தீன். கடைசியில் வரும் 'ஆர்' நம்முடைய சொந்த மரியாதை விகுதி. பெயருக்கு உரியவரோ அயர்லாந்து தேசத்தின் காவல் முனிவர்!

அந்த முனிவரின் கதையும் சுவாரசியமானது. அவர் அயர்லாந்திலே பிறந்தவர் அல்ல. பதினாறு வயசில் கடற்கொள்ளைக்காரர்கள் அவரைப் பிரிட்டனிலிருந்து பிடித்துக்கொண்டு போய் அயர்லாந்தில் அடிமையாக விற்றார்கள். ஆறு வருஷம் ஆடு மேய்த்தார். தப்பி வீடு வந்து சேர்ந்தார். பிறகு, தம்மை அடிமையாக வைத்திருந்த ஜனங்களிடமே உபதேசம் செய்யத் தாமாகவே திரும்பிப் போனார். பிள்ளையை ஒரு தடவை பறிகொடுத்து மீண்டும் பெற்ற தாயார், அவர் இரண்டாவது தடவை புறப்பட்டபோது என்ன சொல்லியிருப்பாள் என்று சரித்திரம் சொல்லவில்லை. சரித்திரம் எழுதுகிறவர்கள் தாய்மாரை அதிகமாக விசாரிப்பதில்லை.

இந்த முனிவரின் பெயரை வைத்துக்கொண்டு, பனைமரமும் கிடுகு வேலியும் உப்புக் காற்றுமாக இருக்கிற ஊரில் நூற்றெழுபது வருஷத்துக்கு மேலாக ஒரு பையன்கள் பள்ளிக்கூடம் நடந்து வருகிறது என்றால் பார்க்க வேண்டாமா?

இப்போது யாழ்ப்பாணம் போவதில் முன்பிருந்த சிரமம் இல்லை. 1990-ல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014-ல் மறுபடி யாழ்ப்பாணத்துக்கு ஓட ஆரம்பித்தது. 2019-ல் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாயிற்று. சென்னையில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து ஆசனத்துப் பெரியவரிடம் நாலு வார்த்தை பேசுவதற்குள் கீழே பனங்கூடல் தெரிகிறது. ஊருக்குள் மேற்கே கோட்டையும் கடலும். அங்கிருந்து கிழக்கே போகிறது பிரதான வீதி. 'மெயின் வீதி' என்றால்தான் எல்லோருக்கும் சட்டென்று புரிகிறது. அந்த வீதியிலும் அதை ஒட்டிய ஒழுங்கைகளிலும் நடந்தால் கத்தோலிக்க யாழ்ப்பாணம் முழுவதையும் காலால் அளந்துவிடலாம். மரியன்னை பேராலயம் அங்கேதான். ஊரார் அதைப் 'பெரிய கோயில்' என்கிறார்கள். திருக்குடும்பக் கன்னியர் மடம் அங்கேதான். பத்திரிசியார் கல்லூரியும் அங்கேதான். கூப்பிடு தூரத்தில் குருநகர். அங்கே மீன்பிடிக்கும் ஜனங்களின் வீடுகள், படகுகள், வலைகள்.

பள்ளிக்கூடத்தின் வரலாற்றைச் சொல்லுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1619-ல் போர்ச்சுக்கீசியர் யாழ்ப்பாண ராஜ்யத்தைப் பிடித்தார்கள். 1658-ல் டச்சுக்காரர் அவர்களைத் துரத்தினார்கள். டச்சுக்காரருக்குக் கத்தோலிக்க மதம் ஆகாது. கோயில்கள் பறிபோயின, குருமார் நாட்டுக்குள் வரக்கூடாது என்று தடை. அந்தச் சமயத்தில், 1687-ல், கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்ற குரு, கூலியாளைப் போல் வேஷம் போட்டுத் தூத்துக்குடியிலிருந்து படகேறி யாழ்ப்பாணம் வந்தார். வந்த இடத்தில் கடும் வயிற்றுப்போக்கு. வழியோரத்தில் கிடந்தவருக்கு ஒரு பெண்மணி கஞ்சி வார்த்துக் காப்பாற்றினாள் என்பார்கள். உடம்பு தேறியதும், கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போவாராம். அந்த மாலையைப் பார்த்து எந்த முகம் மாறுகிறதோ, அது கத்தோலிக்க வீடு! அவரை 2015 ஜனவரியில் போப் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து புனிதராக அறிவித்தார். கஞ்சி வார்த்தவளின் பெயர் யாருக்கும் தெரியாது.

1806-ல் ஆங்கிலேயர் தடையை நீக்கினார்கள். ஆனால் நூற்றைம்பது வருஷம் பதுங்கி வாழ்ந்த சமூகத்திடம் பள்ளிக்கூடம் ஏது, படிப்பு ஏது? மற்றவர்களோ வெகுதூரம் போய்விட்டார்கள். அமெரிக்க மிஷன்காரர்கள் 1823-லேயே வட்டுக்கோட்டையில் செமினரி திறந்து, வானசாஸ்திரம் முதல் தமிழ் இலக்கணம் வரை கற்பித்தார்கள். இங்கிலாந்து மிஷன்காரரும் வெஸ்லியன் மிஷன்காரரும் தத்தம் பள்ளிக்கூடங்களை நடத்தினார்கள். இந்தப் பக்கம், 1848-ல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். ஒரு சின்ன நகரத்தில் இத்தனை பள்ளிக்கூடப் போட்டி அந்தக் காலத்தில் வேறெங்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகம். யாழ்ப்பாணத்தாருக்குப் படிப்பு என்றால் ஒரு பைத்தியம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்தப் பைத்தியத்துக்கு விதை போட்டது இந்தப் போட்டிதான்.

அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த குருமார் 1847-ல் இலங்கைக்கு வந்தார்கள். பிரான்சு தேசத்தில் பிறந்த சபை அது. யாழ்ப்பாணத்து ஆயராக இருந்த பெத்தாகினியோ இத்தாலியர். ஜனங்கள் கேட்டதோ இங்கிலீஷ் படிப்பு! பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் இங்கிலீஷுக்கு எங்கே போவார்கள்? கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும், இங்கிலீஷும் பேச வேண்டும் என்றால் உலகத்தில் அதற்கென்றே ஒரு தேசம் இருக்கிறதே, அயர்லாந்து! இப்படித்தான் ஐரிஷ்காரர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1850-ல் பள்ளிக்கூடம் தொடங்கிற்று. முன்பு யாழ்ப்பாண ஆண்கள் செமினரி என்று வழங்கி, 1881-ல் பத்திரிசியார் பெயரைப் பெற்றது. அதற்கு முன்பே, 1862-ல், பிரான்சிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் வந்து பெண்களுக்கான படிப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று மெயின் வீதியில் ஒரு சம்பிரதாயமே ஏற்பட்டுவிட்டது.

இங்கிலீஷ் படிப்பின் மேல் ஏன் இவ்வளவு மோகம்? வறண்ட பூமி. கிணற்றுத் தண்ணீரை இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் போடலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது காணாது. இங்கிலீஷ் தெரிந்தால் கொழும்பில் கிளார்க்கு உத்தியோகம். மலாயாவில் ரயில்வே உத்தியோகம். உத்தியோக மாப்பிள்ளைக்குச் சீதனச் சந்தையில் கிராக்கி. ஆகவே பையனைக் கல்லூரிக்கு அனுப்புவதில் தகப்பனாருக்கு இரண்டு கணக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிரிமார் மோட்சத்துக்கு வழிகாட்டினார்கள். பெற்றோர் கச்சேரி உத்தியோகத்துக்கு வழி பார்த்தார்கள். இரண்டு தரப்பாரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்றே தோன்றுகிறது. சைவ வீட்டுப் பிள்ளைகளும் தாராளமாக வந்து சேர்ந்தார்கள். பிற்காலத்தில் தமிழ்க் காங்கிரஸை ஸ்தாபித்து, சட்டசபையில் மணிக்கணக்காக இங்கிலீஷில் முழங்கிய ஜி. ஜி. பொன்னம்பலம் இந்தக் கல்லூரியில் படித்தவர்தான்.

மெயின் வீதிப் பக்கம் ஒரு வீட்டுப் படலையில் ஒரு முதிய அம்மாள் நின்றுகொண்டிருந்தார். வழி கேட்டேன். சென்னையிலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும், "உள்ளுக்கு வாங்கோ பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். அவர் கன்னியர் மடத்தில் படித்தவராம். தமையன்மார் மூவரும், பிறகு பிள்ளைகள் இருவரும் பத்திரிசியாரில்.

"காலமை எல்லாரும் ஒண்டாத்தான் வெளிக்கிடுவம். ஒழுங்கை முடியிற இடத்திலை அண்ணை என்னைத் தெரியாத ஆள் மாதிரிப் போவார். கூட்டாளிமார் பாத்தால் வெக்கமாம்!" என்று சிரித்தார்.

"கல்லூரிக்குள்ளே நீங்கள் போனதுண்டா, அம்மா?" என்று கேட்டேன்.

"பரிசளிப்பு விழாவுக்குப் போவம். மற்றும்படி படலை மட்டும்தான். பிள்ளையைக் கொண்டுபோய் விட்டிட்டுப் படலையடியிலை நிண்டு பாக்கிறது. அவன் ஒருக்காலும் திரும்பிப் பாக்கமாட்டான்."

பையன்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பெண்களிடம் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. உள்ளே இருந்தவர்கள் பந்தடித்ததையும் பிரம்படி பட்டதையும்தான் சொல்வார்கள். வெளியே நின்றவர்களுக்குத்தான் முழுக் கட்டிடமும் தெரியும்.

பந்து என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கல்லூரிக்குக் கால்பந்திலே பெரிய பெயர். ஆனால் ஊரே திரளுவது கிரிக்கெட்டுக்குத்தான். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் பத்திரிசியாருக்கும் 1917-ல் தொடங்கிய பந்தயத்துக்குப் 'பொன் அணிகளின் போர்' என்று பெயர். இரண்டு கல்லூரிக் கொடியிலும் பொன்நிறம் உண்டு என்பதால் அப்படி. ஒரு பக்கம் அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகள் வளர்த்த கல்லூரி. இந்தப் பக்கம் ஐரிஷ் கத்தோலிக்கர் வளர்த்த கல்லூரி. ஆடுகிறதோ இங்கிலீஷ்காரன் ஆட்டம்! ஆடுகிற பிள்ளைகள் எல்லோரும் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். பந்தயம் வரும் நாட்களில் கொடி கட்டிய வண்டிகள் வாத்தியம் முழங்க ஊரைச் சுற்றும். பாரிசிலும் டொராண்டோவிலும் இருக்கிற பழைய மாணவர்கள் நரைத்த தலையோடு வந்து, 'எங்கள் காலத்தில் இப்படியா ஆடினோம்!' என்று இளைஞர்களைக் குறை சொல்வார்கள்.

பத்திரிசியார் திருநாள் மார்ச் 17. அயர்லாந்தில் அன்று விருந்தும் கேளிக்கையும் அமர்க்களப்படும். ஆனால் அந்தத் தேதி எந்த வருஷமும் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலேயே வந்து விழும். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் தெரியும். யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் தவக்காலத்தைச் சும்மா விடுகிறவர்கள் அல்லர். அநேக வீடுகளில் மாமிசம் கிடையாது, கல்யாணம் கிடையாது. இரவில் பாடுகளின் ஒப்பாரி ராகம் கேட்கும். அதற்கு நடுவிலே ஒரு நாள் திருநாள்! விடுதிப் பையன்களுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும் என்று விடுதியில் படித்த எவரும் ஊகித்துக்கொள்ளலாம்.

விடுதிப் பிள்ளைகள் தீவுகளிலிருந்தும் வந்தார்கள். ஊர்காவற்றுறைப் பக்கம், கரம்பொன் என்ற ஊர். அங்கே 1913-ல் பிறந்த ஒரு பிள்ளைக்கு சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ் என்று பெயர். ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்திலும், பிறகு பத்திரிசியாரிலும் படித்து, ரோமாபுரியில் குருப்பட்டம் பெற்று, நம் பக்கத்துத் தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் வேலை. அங்கே வந்துதான், தமக்குத் தமிழ் போதாது என்பதை உணர்ந்தார். ஐந்து தேச பாஷை தெரியும்; சொந்த பாஷை மட்டும் அரைகுறை! குருசுவாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் மாணாக்கராய் உட்கார்ந்து பழந்தமிழ் நூல்களைப் பாடம் கேட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெற்றார். அவர்தான் தனிநாயகம் அடிகள்.

1952-ல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற இங்கிலீஷ் ஆராய்ச்சிப் பத்திரிகையை ஆரம்பித்தவர் அவர். 1679-ல் அச்சான தமிழ்–போர்ச்சுக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966-ல் மறுபடி அச்சில் கொண்டுவந்தவரும் அவரே. உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் 1964-ல் அவர் முயற்சியால் உருவாயிற்று. 1968-ல் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாட்டின்போது மெரினாவில் வைத்த சிலைகளைத்தான் இன்றும் குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டு போகிறோம். அந்த மாநாட்டுக்கு மூலபுருஷர், தமிழை அழுத்தமாகச் சொல்லிக் கொடுக்காத ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்! அக்காலத்து இங்கிலீஷ் கல்லூரிகள் எல்லாமே அப்படித்தான். இதை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் பெருமையைச் சொல்கிறபோது இதையும் சொல்ல வேண்டும்.

கல்லூரிக்குத் தலைமை வகித்த பாதிரிமாரில் ஊரார் இன்றைக்கும் பெயர் சொல்லிப் பேசுவது லோங் அடிகளாரைப் பற்றி. திமோத்தி லோங், ஐரிஷ்காரர். 1936 முதல் 1954 வரை ரெக்டர். அவருக்கும் இந்த ஊருக்கும் உள்ள பந்தத்தைக் கல்லூரி மதிலுக்குள்ளே தேடிப் பிரயோஜனமில்லை. கோட்டைப் பக்கம் போக வேண்டும்.

அங்கே வெள்ளை வெளேரென்று, விமானம் தாங்கிய ஒரு மாளிகை நிற்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம். அதன் கதை ஒரு தனி மனிதரின் வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறது. கே. எம். செல்லப்பா என்ற உத்தியோகஸ்தர் 1933-ல் தம் வீட்டிலேயே அண்டை அயலாருக்குப் புத்தகம் இரவல் கொடுக்க ஆரம்பித்தார். ஊர்ப் பிரமுகர்கள் சேர்ந்து, 1934-ல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை இடத்தில் நூலகம் திறந்தார்கள். அன்று இருந்தவை 844 புத்தகங்கள், 30 பத்திரிகைகள். பிறகு நகரசபை ஏற்றுக்கொண்டது. 'இவ்வளவு படிக்கிற ஊருக்கு ஒரு நல்ல கட்டிடம் வேண்டாமா?' என்று பேச்சு எழுந்தபோது, முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் லோங் அடிகளார். அவருடைய கல்லூரியிலே நூலகம் இருந்தது. அவருடைய பிள்ளைகளுக்கு அது போதும். ஆனாலும் சைவர், புராட்டஸ்டண்டு, முஸ்லிம் என்று எல்லோருக்குமான புத்தகச் சாலைக்காக அந்தக் கத்தோலிக்கக் குரு கமிட்டியில் உட்கார்ந்தார். நூலக விஞ்ஞானத்தில் உலகம் மெச்சிய நம் எஸ். ஆர். ரங்கநாதன் யோசனை சொன்னார். சென்னைக் கட்டிடக் கலைஞர் நரசிம்மன் திட்டம் வரைந்து கொடுத்தார். 1959 அக்டோபரில் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார்.

வாசலில் வெள்ளைக் கலைமகள் வீணையோடு அமர்ந்திருக்கிறாள். அதே வளாகத்தில் லோங் அடிகளாருக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கப் பாதிரியாரும் சரஸ்வதியும் ஒரே வாசலில்! நாவலரும் மிஷன்காரரும் பேனாவால் யுத்தம் செய்த ஊரில், நூறு வருஷம் கழித்து இப்படி ஒரு காட்சி.

இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிட எனக்கும் ஆசைதான்.

பத்திரிசியார் கல்லூரியில் தாவீது அடிகள் என்று ஒருவர் இருந்தார். அங்கே உபாத்தியாயராக வேலை பார்த்தவர். முப்பதுக்கு மேல் பாஷைகள் தெரிந்தவர் என்பார்கள். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், தமிழ்ச் சொற்களுக்கு வேர் தேடும் ஒப்பியல் அகராதியைத் தொடங்கி, முடிக்காமலே 1947-ல் காலமானார். அந்த வழியில் சொல்லுக்குச் சொல் வேர் தேடிக்கொண்டிருந்தவர் தாவீது அடிகள். தனிநாயகம் அடிகளின் பத்திரிகையிலும் கட்டுரைகள் எழுதினார். சொல் தேடுகிறவருக்குப் புத்தகம்தானே சுவாசம்? பழைய பத்திரிகைகளும் ஓலைச் சுவடிகளும் கிடைக்காத நூல்களும் அந்த வெள்ளை மாளிகையில் சேர்ந்திருந்தன. கல்லூரியிலிருந்து நடந்து போகிற தூரம்.

1981 மே மாதக் கடைசி. மாவட்ட சபைத் தேர்தல் சமயம். மே 31-ல் ஒரு தேர்தல் கூட்டத்தில் போலீஸ்காரர்கள் சுடப்பட்டார்கள். அதன்பின் போலீஸாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ஊருக்குள் புகுந்தார்கள். கடைகள் எரிந்தன, 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயம் எரிந்தது, பாராளுமன்ற உறுப்பினர் வீடு எரிந்தது. ஜூன் முதல் தேதியை ஒட்டிய இரவில் நூலகத்துக்கும் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்கள். எழுபதைத் தாண்டிய தாவீது அடிகள், கல்லூரி மேல்மாடியில் நின்று அந்தத் தீயைப் பார்த்தார் என்று சொல்கிறார்கள். பார்த்த அதிர்ச்சியில் மாரடைப்பு. அவர் உயிரும் போயிற்று.

தேத்தண்ணி கொடுத்த அம்மாளிடம் இதைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"சோளகக் காத்து அடிக்கிற காலம், பிள்ளை. விடிஞ்சு பாத்தால் முத்தத்திலை கரிஞ்ச கடுதாசித் துண்டுகள். சிலதிலை எழுத்துத் தெரிஞ்சுது. விளக்குமாத்தை எடுத்தனான், கூட்ட மனம் வரேல்லை. கையாலை பொறுக்கினன். பொறுக்கப் பொறுக்கப் பொடியாப் போச்சுது."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தனிநாயகம் அடிகள் அந்தத் தீயைக் காணவில்லை. 1980 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். ஆனால் 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நாலாம் மாநாட்டின் முடிவை அவர் அறிவார். பத்தாம் தேதிப் பொதுக்கூட்டத்தில் போலீஸ் புகுந்ததும், பார்க்க வந்த ஜனங்கள் மாண்டதும், தாம் உண்டாக்கிய மன்றத்தின் மாநாட்டிலேயே நடந்தன.

கல்லூரியின் மற்றச் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1945-ல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. 1960, 61-ல் அரசாங்கம் உதவி பெறும் பள்ளிக்கூடங்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. தனியாக நடத்த விரும்புகிற பெரிய கல்லூரிகள் நடத்தலாம். ஆனால் அரசாங்கப் பணமும் கிடையாது, பிள்ளைகளிடம் சம்பளமும் வாங்கக்கூடாது! இது எந்த ஊர் கணக்கு என்று குடும்பம் நடத்துகிற பெண்கள் கேட்பீர்கள். பத்திரிசியார் அந்தக் கணக்கையும் ஏற்றுத் தனித்து நின்றது. 1995 அக்டோபர் 30-ல் யுத்தம் நெருங்கியதும், யாழ்ப்பாணமே ஒரே இரவில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. பல மாதங்கள் கழித்துத்தான் ஊர் திரும்பிற்று. பள்ளிக்கூடத்து மணியும் அதற்குப் பிறகுதான் பழையபடி அடித்தது.

இன்னும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். பிரான்சிஸ் ஜோசப் அடிகள், இந்தக் கல்லூரியின் முன்னாள் ரெக்டர். யாழ்ப்பாணத்து மண்ணின் குரு. யுத்தத்தின் கடைசி வருஷங்களில் வன்னி ஜனங்களோடேயே இருந்தார். அங்கே பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கற்பித்தார். 2009 மே 18-ல், முல்லைத்தீவு வட்டுவாகலில், சரணடைகிற போராளிகளோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் கூடவே அவரும் போனார். பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு அவரைப் பார்த்தவர்கள் இல்லை. அவரோடு போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் பெயர்ப் பட்டியலையும் படங்களையும் வைத்துக்கொண்டு வீதியோரப் பந்தல்களில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கேட்டார்கள். பதில் வரவில்லை.

நூலகத்தைத் திரும்பக் கட்டினார்கள். 1984-ல் ஒரு பகுதியைச் செப்பனிட்டுத் திறந்து, அடுத்த வருஷமே யுத்தத்தில் மறுபடியும் சேதப்பட்டு, கடைசியில் 2004-ல் ஆரவாரமில்லாமல் கதவு திறந்தது. பார்ப்பதற்குப் பழைய மாளிகையின் அச்சு. எரிந்த சுவடிகள் மட்டும் திரும்பவில்லை.

நான் போனது மாலை வேளை. வாசலில் சைக்கிள்கள் வரிசையாகச் சாத்தியிருந்தன. உள்ளே நீண்ட மேஜைகளில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். வெள்ளை உடுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்தவர்களும் இருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கவில்லை. ஒரு பையன் தடித்த இரசாயனப் புத்தகத்தின் மேல் தலையைச் சாய்த்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த பையன் அவன் முழங்கைக்குக் கீழே சிக்கியிருந்த தன் நோட்டுப் புத்தகத்தை, எழுப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்தான்.